எப்போதும் இருவராகவே: வெளிநாட்டில் மார்மன் ஊழியக்காரர்களின் அன்றாடம்

பதிவு 1
பொருநை (லீஹை, யூட்டா)

அனைவருக்கும் வணக்கம். யூட்டா மாநிலத்தின் லீஹை நகரில் பதினோரு ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். எங்கள் தெருவில் எங்களைத் தவிர ஏறத்தாழ எல்லாக் குடும்பங்களும் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையைச் சேர்ந்தவை. ‘மார்மன்’ என்ற பெயரைத் தவிர்த்துச் சபையின் முழுப்பெயரையே வழங்குமாறு 2018-இல் அப்போதைய சபைத் தலைவர் ரசல் நெல்சன் கேட்டுக்கொண்டார். நம் வாசகர்களுக்குப் பழைய பெயரே பழக்கம் என்பதால் தலைப்பில் அதை வைத்திருக்கிறேன்.

அடுத்த வீட்டு மூத்த மகன் என் மகளோடு ஒரே பள்ளிப் பேருந்தில் சென்றவன். பள்ளிப்படிப்பு முடிந்த கோடையில் ஊழியத்துக்கு, அதாவது வெளியூர் சென்று சபையின் நம்பிக்கையைப் பரப்பும் பணிக்கு, விண்ணப்பித்தான். எந்த நாட்டுக்குச் செல்வது என்பதை விண்ணப்பிப்பவர் தேர்ந்தெடுக்க முடியாது; அதைச் சபையின் தலைமைக் குழுவினரான அப்போஸ்தலர்களுள் ஒருவர் முடிவு செய்கிறார். முன்பு கனத்த வெள்ளை உறையில் வந்த அழைப்புக் கடிதம், 2018-இன் இறுதியிலிருந்து இணையத்தில் வருகிறது. கடிதத்தைத் திறக்கும் மாலையில் எங்களையும் அழைத்திருந்தார்கள். கூடத்துச் சுவரில் உலக வரைபடத்தை ஒட்டி, வந்தவர்கள் எல்லோரும் அவன் போகக்கூடிய நாட்டை ஊகித்துக் குண்டூசி குத்தினோம். நான் பிரேசிலில் குத்தினேன். அவனுக்குக் கிடைத்தது ஜப்பானின் ஃபுகுவோகா.

அவன் தாயார் ஒவ்வொரு வாரமும் அவனுடைய மின்னஞ்சலை எங்களுக்கும் அனுப்புகிறார். நான் அச்சபையைச் சேர்ந்தவன் அல்லன். எந்தச் சபையையும் சேர்ந்தவன் அல்லன். ஆனாலும் அக்கடிதங்களை விடாமல் படித்துவருகிறேன். அவற்றில் வேதம் இருக்கும், பிரசங்கம் இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். இருந்ததெல்லாம் வேறு. யார் சமைத்தார்கள், யார் சைக்கிள் பஞ்சரானது, உடன் தங்கி ஊழியம் செய்யும் எந்தக் கூட்டாளி இரவில் குறட்டை விடுகிறார், எந்தக் கூட்டாளியோடு மூன்று நாள்களாகப் பேச்சு இல்லை என்பவையே பக்கம் பக்கமாக இருந்தன. இரண்டு ஆண்டுக் கடிதங்களையும் சேர்த்துப் பார்த்தால், அவன் ஜப்பானியர்களோடு வாழ்ந்ததைவிட, தான் தேர்ந்தெடுக்காத ஒரு கூட்டாளியோடு வாழ்ந்ததே பெரிதாகத் தெரிகிறது. ஊழியத்தின் உண்மையான பாரம் அதில்தான் இருக்கிறதா? இதை நேரில் அறிந்தவர்கள் இங்கே இருந்தால் எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன். அடுத்த மாதம் அவன் ஊர் திரும்புகிறான்.

பதிவு 2
நொய்யல்கரை

பொருநை ஐயா, உங்கள் கணிப்பு சரியே. நான் கோயம்புத்தூர்க்காரன். என் பத்தொன்பதாம் வயதில் தாயாரும் நானும் அச்சபையில் ஞானஸ்நானம் பெற்றோம், தந்தை பெறவில்லை. 2009 முதல் 2011 வரை பிலிப்பைன்ஸில், பெரும்பாலும் லகூனா மாகாணத்தில், ஊழியம் செய்தேன். இதைப் பற்றித் தமிழில் நான் எழுதுவது இதுவே முதல் முறை.

முதலில் நாளின் ஒழுங்கைச் சொல்லிவிடுகிறேன். காலை ஆறரை மணிக்கு எழ வேண்டும். அரைமணி நேர உடற்பயிற்சி. பிறகு குளியலும் காலையுணவும். எட்டு மணிக்கு ஒவ்வொருவரும் தனியே வேதம் படிக்க, ஒன்பது மணிக்கு இருவரும் சேர்ந்து படிப்போம். அன்று யாருக்கு என்ன கற்பிக்கப்போகிறோம் என்பதை அப்போதுதான் ஒத்திகை பார்ப்போம். புதிதாக வந்தவருக்கு அதன்மேல் மொழிப்பாடம். அதற்குப் பின் வெளியே கிளம்பினால், மதிய உணவுக்கும் மாலை உணவுக்கும் உரிய இடைவேளை தவிர, இரவு ஒன்பது அல்லது ஒன்பதரை வரை தெருவில்தான் இருப்போம். வீடு திரும்பியதும் மறுநாளுக்கான திட்டத்தைக் குறிப்பேட்டில் எழுதி, பத்தரைக்கு விளக்கை அணைக்க வேண்டும். 2017-இல் இந்த நேர ஒழுங்கைச் சற்றுத் தளர்த்தினார்கள். எங்கள் காலத்தில் அது கடிகார முள்ளைப்போல் ஓடியது.

இப்போது நீங்கள் கேட்ட செய்திக்கு வருகிறேன். ஊழியத்தில் சேர்ந்த நாளிலிருந்து முடியும் நாள்வரை ‘கம்பானியன்’ என்னும் கூட்டாளி இல்லாமல் எங்கும் இருக்கக் கூடாது. அவர் நம் கண்ணில் படும் தொலைவிலும், நம் குரல் அவருக்குக் கேட்கும் தொலைவிலும் இருக்க வேண்டும் என்பது விதி. ஒரே அறையில் வெவ்வேறு கட்டிலில் உறங்க வேண்டும். குளியலறையும், ‘மிஷன்’ என்னும் ஊழியப் பகுதியின் தலைவருடனான நேர்காணலுமே விலக்கு. இயேசு தம் சீடர்களை இரண்டிரண்டு பேராக அனுப்பினார் என்று மாற்கு ஆறாம் அதிகாரத்தில் வருகிறதே, அதுவே இவ்விதிக்கு அடிப்படை. கூட்டாளியையும் நாம் தேர்ந்தெடுப்பதில்லை. ஆறு வாரங்களுக்கு ஒருமுறை ‘டிரான்ஸ்பர்’ வரும். அன்று யார் எந்த ஊருக்கு, யாரோடு என்பது தெரியவரும். சில சமயம் எதுவும் மாறாது, அதே கூட்டாளியோடு இன்னும் ஆறு வாரம்.

எனக்கு இரண்டு ஆண்டுகளில் பதினொரு கூட்டாளிகள். முதலாமவர் ஐடஹோ மாநிலத்து உருளைக்கிழங்கு விவசாயியின் மகன். வாளியில் தண்ணீர் பிடித்து மொண்டு குளிக்க அவருக்குத் தெரியவில்லை. அந்த ஊரில் ‘தாபோ’ என்று சொல்லும் குவளையை எப்படிப் பிடிப்பது என்பதை நான்தான் காட்டிக்கொடுத்தேன். சோப்புக் கட்டியைத் தேய்த்துத் துணி துவைப்பதும் அப்படியே. வந்த முதல் வாரத்தில், உலகத்தையே அறிந்தவர்போல் தோன்றிய ஓர் அமெரிக்கருக்கு நான் துணி அலசக் கற்றுக்கொடுத்ததை இன்றும் நினைத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதே வாரத்தில் அவர் எனக்கு ஒரு கூட்டத்தின் முன் நடுங்காமல் எழுந்து நிற்கக் கற்றுக்கொடுத்தார்.

பதிவு 3
சாளரம் (நகோயா)

நான் ஜப்பானில் ஒன்பது ஆண்டுகளாக இருக்கிறேன். பொருநை அவர்கள் சொல்லும் பையன் இருக்கும் ஃபுகுவோகா எனக்குத் தெரியாது. ஆனால் எங்கள் பகுதியில் இருக்கும் பெண் ஊழியக்காரர்களான சகோதரிகளை நன்றாக அறிவேன். சபை ஊழியக்காரர்கள் ஜப்பானில் இலவச ஆங்கில உரையாடல் வகுப்பு நடத்துவது நெடுநாள் வழக்கம். என் அண்டை வீட்டுப் பாட்டியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு நானும் அவ்வகுப்புக்குப் போய்வருகிறேன். என் வேலை பாட்டிக்குக் காலணி எடுத்துக்கொடுப்பதும், சகோதரிகளுக்கு உதவியாக உரையாடலைத் தொடங்கிவைப்பதும்.

ஊழியம் செய்யும் ஆண்களை ‘சோரோ’ என்றும், பெண்களை ‘ஷிமாய்’ என்றும் அழைப்பார்கள். மூத்தவர், சகோதரி என்று பொருள். ஆண்களுக்கு இரண்டு ஆண்டுகள், பெண்களுக்கு ஒன்றரை ஆண்டுகள். கறுப்புப் பெயரட்டையில் குடும்பப் பெயர் மட்டும் கதகானா எழுத்தில் இருக்கும். வகுப்பில் பாட்டிக்கு ஒன்றரை ஆண்டுகளில் ஆறு சகோதரிகள் பாடம் எடுத்திருக்கிறார்கள். ஒருவருடைய முதற்பெயர்கூட அவருக்குத் தெரியாது.

ஜப்பானில் அவர்களுக்குக் கடினமானது கோபமோ விரட்டலோ அன்று. வாசலில் உள்ள அழைப்புப் பொறியில் முகம் தெரிந்ததும், உள்ளிருந்து மிகப் பணிவான குரலில் ‘கெக்கோ தெஸ்’ என்று வரும். அச்சொல்லுக்கு ‘மிக நன்று’ என்றும் பொருள் உண்டு, ‘வேண்டாம்’ என்றும் பொருள் உண்டு. புதிதாக வந்த ஒரு சகோதரி முதல் வாரம் முழுவதும் அதை நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டு, கதவு திறக்கும் என்று நின்றுகொண்டே இருந்தாராம். உடனிருந்த ஜப்பானியக் கூட்டாளியும் உண்மையைச் சொல்ல மனமில்லாமல் அவரோடு சேர்ந்தே நின்றிருக்கிறார். இருவரும் இதை எனக்குத் தனித்தனியாகச் சொன்னபோது, அவர்களுக்குள் இருந்த அன்பு எனக்கு விளங்கியது.

தேநீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1833-ஆம் ஆண்டு முதல் அவர்களுக்கு ‘ஞான வார்த்தை’ என்ற உணவு ஒழுக்கம் இருக்கிறது: மது, புகையிலை, காப்பி, தேநீர் கூடாது. விருந்தினர் வந்ததும் பச்சைத் தேநீர் வைப்பதே மரியாதை என்றிருக்கும் நாட்டில், அதைத் தொடாமல் இருப்பது எவ்வளவு சங்கடம் என்று நம்மவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வாற்கோதுமையை வறுத்து ஊறவைக்கும் ‘முகிச்சா’ மட்டும் அவர்களுக்கு ஏற்புடையது, அது தேயிலை அன்று என்பதால். சுத்த சைவக்காரியான நான், குழம்பு முதல் கீரைவரை எல்லாவற்றிலும் கலந்திருக்கும் கட்சுவோ மீன் சாற்றை மறுத்து மறுத்துச் சலித்தவள். வீட்டுக்காரர் மனம் நோகாமல் ஒரு கிண்ணத்தை எப்படி நகர்த்திவைப்பது என்பதைப் பற்றி நானும் அச்சகோதரிகளும் ஒரு மாலை முழுக்கப் பேசினோம். அன்று மதம் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

பதிவு 4
கல்லணை

வணக்கம். நான் கல்லூரியில் வரலாறு கற்பிப்பவன். எழுதியவர்களின் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனாலும் சில கேள்விகளை வைக்காமல் போக முடியவில்லை.

முதலாவது, வயது. 2012 அக்டோபரில் ஆண்களுக்கான குறைந்தபட்ச வயதைப் பத்தொன்பதிலிருந்து பதினெட்டாகவும், பெண்களுக்கு இருபத்தொன்றிலிருந்து பத்தொன்பதாகவும் குறைத்தார்கள். பள்ளி முடித்த கையோடு, தன் நம்பிக்கையைத் தானே ஆராய்ந்து பார்ப்பதற்கு முன், பிறர் நம்பிக்கையை மாற்றப் போகச் சொல்வது முறைதானா? இரண்டாவது, தனிமை. பதினெட்டு வயதில் ஒருவனுக்குத் தனியே ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருக்கும் உரிமை வேண்டும். இருபத்து நான்கு மணி நேரமும் இன்னொருவர் கண்ணெதிரே இருந்தால், ஐயம் என்ற ஒன்று அவன் மனத்தில் எழுவதற்கே இடமில்லாமல் போய்விடும். கூட்டாளி காவலாளியாகவும் இருக்கிறார் என்பதை நொய்யல்கரை அவர்கள் மறுப்பாரா?

மூன்றாவது, பணம். இவர்களுக்குச் சம்பளம் உண்டு என்று நம் ஊரில் பலர் நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறானது. அமெரிக்க ஊழியக்காரரின் குடும்பம் மாதம் 400 டாலர் செலுத்திவந்தது. 2020 ஜூலை முதல் அது 500 டாலர். செலவு மிகுந்த நாட்டுக்குப் போனாலும் குறைந்த நாட்டுக்குப் போனாலும் தொகை ஒன்றே. ஒரு குடும்பத்தில் மூன்று பிள்ளைகள் அடுத்தடுத்துப் போனால் அது சிறிய சுமையன்று.

பதிவு 5
நொய்யல்கரை

கல்லணை ஐயா, உங்கள் கேள்விகளைத் தவிர்க்க விரும்பவில்லை. பணம் பற்றிய செய்தி சரியே. எல்லோரும் ஒரே தொகையைச் செலுத்தி, ஒரே பொதுவில் சேர்த்து, அவரவர் ஊரின் செலவுக்கேற்பக் கொடுக்கும் முறை 1990-களின் தொடக்கத்தில் வந்தது. என்னைப் போன்ற வறிய நாட்டவர்கள் இயன்றதைச் செலுத்தினால் போதும். எஞ்சியதைப் பொது நிதி ஏற்கும். என் தாயார் தையல் வேலை செய்து அனுப்பிய தொகையை நான் இங்கே எழுதப்போவதில்லை. அது எனக்கும் அவருக்கும் உரியது.

கூட்டாளி காவலாளியா என்று கேட்டீர்கள். ஆம், அப்படியும்தான். ஏழாம் கூட்டாளியோடு எனக்கு அது நிகழ்ந்தது. அவர் விதியின் ஒவ்வோர் எழுத்தையும் பிடித்துக்கொண்டிருந்தவர். நான் ஒன்பதரைக்கு ஐந்து நிமிடம் தாமதித்தாலும் குறிப்பேட்டில் எழுதுவார். மின்விசிறி ஒன்றே இருந்தது. அது யார் பக்கம் திரும்பியிருக்க வேண்டும் என்பதில் தொடங்கிய மனத்தாங்கல், ஆறு வாரமும் நாங்கள் தேவைக்கு மேல் ஒரு சொல்லும் பேசாத நிலைக்குப் போயிற்று. வாரம் ஒருமுறை இருவரும் எதிரெதிரே அமர்ந்து, ஒருவரிடம் மற்றவர் கண்ட நிறையையும் குறையையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்ற ஒழுங்கு எங்களுக்கு இருந்தது. அந்த அமர்வில் இருவருமே ‘குறை ஒன்றுமில்லை’ என்று சொல்லிப் பொய்யாக எழுந்துபோனோம். அழ வேண்டும் என்றால் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுவேன். ஒரு நாள் உள்ளே குழாய் ஓடும் ஓசை கேட்டுக்கொண்டே இருந்தது. உள்ளே இருந்தவர் அவர். அன்றுதான் அவரும் என்னைப் போலவே செய்கிறார் என்று தெரிந்தது. கதவைத் தட்டவில்லை, சோறு வடித்து, அவர் பங்குக்கு முட்டையும் பொரித்து மேசைமேல் வைத்தேன். மறுவாரம் அவருக்கு வேறு ஊர் வந்துவிட்டது. மன்னிப்புக் கேட்டுக்கொள்ள எங்களுக்கு நேரம் வாய்க்கவில்லை.

ஆனால் இதையும் சொல்ல வேண்டும். எனக்கு டெங்குக் காய்ச்சல் வந்து படுத்தபோது, நாலாம் கூட்டாளியான இலோய்லோ ஊர்க்காரர், தான் வெளியே போக முடியாது என்பதைப் பொருட்படுத்தாமல் பன்னிரண்டு நாள் அதே அறையில் இருந்தார். அவருக்கு வேறு வழி இல்லை, விதி அப்படி. என்றாலும் இரவு இரண்டு மணிக்கு எழுந்து ஈரத்துணியை மாற்றச் சொல்லி எந்த விதியும் இல்லை. என்னைக் கண்காணிக்கச் செய்த ஏற்பாடே என்னைக் காப்பாற்றவும் செய்தது. இரண்டையும் பிரித்துத் தரும்படி என்னால் எழுத முடியவில்லை.

ஐயம் எழ இடமில்லை என்பதை மட்டும் ஏற்க மாட்டேன். பகலெல்லாம் நடந்து, ஒருவரும் வராத ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் இருவர் மட்டும் அமர்ந்திருக்கும்போது எழாத ஐயம் வேறெங்கும் எழாது.

பதிவு 6
செம்பருத்தி

இரண்டு பிள்ளைகளின் தாயாகக் கேட்கிறேன். தொலைபேசியில் பேசவாவது விடுவார்களா?

பதிவு 7
பொருநை

செம்பருத்தி அம்மா, இப்போது விடுகிறார்கள். 2019 பிப்ரவரி முதல், வாரத்தில் ஒரு நாள் வரும் ஆயத்த நாளில் பெற்றோரோடு காணொளியில் பேசலாம். ‘பி-டே’ என்று அவர்கள் சொல்லும் அந்நாள் பெரும்பாலும் திங்கட்கிழமை. துணி துவைத்தல், முடிவெட்டல், கடைக்குப் போதல் எல்லாம் அன்றுதான். மாலை ஆறு மணிக்கு மறுபடி பெயரட்டையைக் குத்திக்கொண்டு கிளம்பிவிட வேண்டும். அதற்கு முன்பு ஆண்டுக்கு இரண்டே அழைப்புகள்: கிறிஸ்துமசுக்கு ஒன்று, அன்னையர் நாளுக்கு ஒன்று. அடுத்த வீட்டுப் பாட்டி தம் பிள்ளைகளை அப்படி அனுப்பியவர். இப்போது பேரனோடு வாரம்தோறும் பேசுவதைப் பார்த்து அவர் சொன்னது எனக்கு வியப்பாக இருந்தது. அடிக்கடி பேசினால் ஏக்கம் தீரும் என்று அவர் நினைத்திருந்தாராம். அழைப்பை வைத்த அடுத்த மணி நேரமே வீட்டில் மிக அமைதியான மணி நேரமாக இருக்கிறதாம்.

பதிவு 8
சாளரம்

பயன் என்ன என்ற கேள்வியைக் கல்லணை அவர்கள் நேரடியாகக் கேட்காவிட்டாலும், அது எல்லோர் மனத்திலும் இருக்கும். 2024-இன் முடிவில் உலகெங்கும் 74,000-க்கும் மேற்பட்ட முழுநேர ஊழியக்காரர்கள் இருந்தார்கள். அவ்வாண்டில் புதிதாக ஞானஸ்நானம் பெற்றவர்கள் 3,08,000-க்கும் மேற்பட்டோர். சராசரியாக ஓர் ஊழியக்காரருக்கு ஆண்டுக்கு நால்வர். சராசரி என்பது ஆப்பிரிக்காவையும் ஜப்பானையும் ஒரே தட்டில் வைப்பது. நான் அறிந்த சகோதரிகளில் ஒருவர் ஒன்றரை ஆண்டும் முடித்து, ஒரே ஒருவரைக்கூடச் சபையில் சேர்க்காமல் ஊர் திரும்பினார்.

ஜப்பானில் இது தொடக்கத்திலிருந்தே இப்படித்தான். 1901 ஆகஸ்டு 12 அன்று ஹீபர் கிராண்ட் என்ற அப்போஸ்தலர் மூன்று ஊழியக்காரர்களோடு யோகோஹாமா துறைமுகத்தில் இறங்கினார். யாருக்கும் ஜப்பானிய மொழி தெரியாது. அம்மூவருள் இளையவரான ஆல்மா டெய்லருக்கு இறங்கியபோது பத்தொன்பது வயது. அவர் எட்டு ஆண்டுகளுக்கு மேல் தங்கி, ஐந்து ஆண்டுகளுக்குக் குறையாமல் உழைத்து, அவர்களுடைய வேத நூலான மார்மன் புஸ்தகத்தை ஜப்பானிய மொழியில் பெயர்த்தார். 1909-இல் அது அச்சாயிற்று. அத்தனைக்கும் பிறகு, 1924-இல் அந்த மிஷனை மூடினார்கள். மூட ஆணையிட்டவர், அதற்குள் சபைத் தலைவராகியிருந்த அதே ஹீபர் கிராண்ட். இருபத்து மூன்று ஆண்டு உழைப்பில் சேர்ந்தவர்கள் இருநூறு பேரைக்கூட எட்டவில்லை. போருக்குப் பின் 1948-இல் மீண்டும் திறந்தார்கள். 1980-இல் தோக்கியோவில் அவர்களுடைய ஆலயம் எழுந்தது, ஆசியாவிலேயே முதலாவது.

டெய்லரைப் பற்றி நான் அடிக்கடி நினைப்பேன். ஒரு மொழிக்குள் முழுவதுமாகக் குடிபுகுந்து எட்டு ஆண்டுகள் வாழ்ந்த இளைஞர் அவர். மதம் மாறியோரின் எண்ணிக்கையால் மட்டும் அவ்வாழ்க்கையை அளப்பது எனக்கு உடன்பாடில்லை. நான் இங்கே மொழி கற்கப் பட்ட பாட்டை அறிந்ததால் சொல்கிறேன்.

பதிவு 9
கல்லணை

சாளரம் அவர்கள் தந்த வரலாற்றுக்கு நன்றி. டெய்லரைப் பற்றி நான் அறிந்திருக்கவில்லை. என் கேள்வி மட்டும் மாறவில்லை: கதவைத் தட்டப்பட்டவரின் பக்கத்திலிருந்து யாரும் எழுதவில்லையே. நொய்யல்கரை அவர்களே, நீங்கள் தட்டிய கதவுகளுக்குப் பின்னால் இருந்தவர்களைப் பற்றிச் சொல்லுங்கள்.

பதிவு 10
நொய்யல்கரை

சொல்கிறேன். பிலிப்பைன்ஸில் கதவைத் தட்டுவது குறைவு. வாசலில் நின்று ‘தாவோ போ’ என்று குரல் கொடுப்பார்கள். ‘தாவோ’ என்றால் மனிதர். ‘போ’ என்பது மரியாதைக்காகச் சொல்லின் பின்னே வருவது. மொழிப்பயிற்சியில் அமெரிக்கர்கள் அந்த ‘போ’வை எங்கே வைப்பது என்று திணறியபோது எனக்கு அது ஒரே நாளில் விளங்கிவிட்டது, ஏனென்றால் அது நம் கொங்கு நாட்டு ‘ங்க’ அல்லாமல் வேறில்லை. ‘ஆள் வந்திருக்கிறேனுங்க’ என்பதே அதன் பொருள். ஏழு ஏரிகளுக்குப் பெயர்போன சான் பாப்லோவும், அதைச் சூழ்ந்த தென்னந்தோப்புகளும் பொள்ளாச்சியை நினைவூட்டின. குரல் கொடுத்தால் கதவு திறக்காத வீடே இல்லை. உண்டுகொண்டிருப்பவர்கள் ‘கைன் தாயோ’ என்பார்கள். ‘சாப்பிடலாம் வாங்க’ என்ற அழைப்பு அது, தட்டில் இருப்பது ஒரு பிடிச் சோறும் உப்பு மீனுமாக இருந்தாலும். ஆண்கள் இல்லாத வீட்டுக்குள் நாங்கள் நுழையக் கூடாது என்பதால், வாசல் திண்ணையிலோ பலகையிலோ அமர்ந்துதான் பல வீடுகளில் பேசினோம்.

அங்குள்ள கடினம் ஜப்பானுக்கு நேர் எதிரானது. எல்லோரும் வரவேற்பார்கள், எல்லோரும் ‘ஞாயிற்றுக்கிழமை வருகிறோம்’ என்பார்கள், வரமாட்டார்கள். நம் மனம் நோகக் கூடாது என்பதற்காகவே அப்படிச் சொல்கிறார்கள் என்று எனக்குப் புரிய ஓராண்டு ஆனது.

ஒரு முதியவள் இருந்தாள். ஒவ்வொரு முறை போகும்போதும் அவள் கையை எடுத்து என் நெற்றியில் வைத்துக்கொள்வேன். பெரியோரை வணங்கும் அந்நாட்டு முறை அது. அவள் தன் கத்தோலிக்க ஜெபமாலையை மடியில் வைத்துக்கொண்டே நாங்கள் சொல்வதைக் கேட்பாள். வாரந்தோறும் எத்தனை பேருக்குக் கற்பித்தோம், எத்தனை பேர் ஞானஸ்நானத்துக்கு நாள் குறித்தார்கள் என்று ஞாயிறு இரவில் எண்ணிக்கை சொல்ல வேண்டும். எண்ணிக்கை குறைந்த ஒரு மாதத்தில் நான் அவளை அவசரப்படுத்தினேன். அப்படிச் செய்யும்படி எனக்கு எவரும் சொல்லவில்லை. என் பெருமைக்காக நானே செய்தேன். அவள் சரி என்று தலையசைத்தாள், குறித்த நாளில் வரவில்லை. அதற்கடுத்த முறை ‘தாவோ போ’ என்று குரல் கொடுத்தபோது, பேத்தியை அனுப்பித் தான் ஊரில் இல்லை என்று சொல்லச் சொன்னாள். திரைச்சீலைக்குப் பின்னால் அவள் கால்கள் எனக்குத் தெரிந்தன. அதுவரை என்னை அவள் தன் வீட்டுப் பிள்ளையாக வைத்திருந்தாள். அந்த இடத்தை நான் இழந்தேன். கல்லணை ஐயா, கதவுக்குப் பின்னால் இருந்தவரைப் பற்றி என்னால் நேர்மையாகச் சொல்லக்கூடியது இதுதான்.

பதிவு 11
கல்லணை

இதை எழுத எளிதாக இருந்திருக்காது. மதமாற்றம் பற்றிய என் கருத்து வேறு. அது அப்படியே இருக்கட்டும். ஆனால் இதைப் படித்த பின் உங்களிடம் கேட்க எனக்கு ஒன்றே இருக்கிறது: ஊர் திரும்பிய பிறகு எப்படி இருந்தீர்கள்?

பதிவு 12
நொய்யல்கரை

முதல் சில வாரங்கள் மிகக் கடினம். ஊழியக்காரர் ஊர் வந்து சேர்ந்ததும் ஊழியம் முடிந்துவிடாது. அந்தப் பகுதிச் சபைத் தலைவர் முறையாக விடுவிக்கும்வரை பெயரட்டையைக் கழற்ற மாட்டார், தனியே எங்கும் போக மாட்டார். என்னை விடுவித்த அன்று மாலை தாயார் பால் வாங்கிவரச் சொன்னார். படியிறங்கித் தெருமுனைவரை போனவன் அப்படியே நின்றுவிட்டேன். இரண்டு ஆண்டுகளில் முதல் முறையாக என் பக்கத்தில் யாரும் இல்லை. தவறு செய்து பிடிபடப்போகிறவன்போல் நெஞ்சு அடித்துக்கொண்டது. நோயாலோ மனச்சோர்வாலோ காலம் முடியும் முன்பே திரும்புகிறவர்களுக்கு இதோடு ஊராரின் கேள்விகளும் சேர்ந்துகொள்ளும். அவர்கள் நிலை இன்னும் கடினம்.

பொருநை ஐயா, அந்தப் பையன் வந்ததும் எத்தனை பேரைச் சேர்த்தான் என்று மட்டும் கேட்காதீர்கள். கூட்டாளிகளின் பெயர்களை வரிசையாகச் சொல்லச் சொல்லுங்கள். அவன் ஒருவர் பெயரையும் விட மாட்டான். அவன் பேசட்டும்.

பதிவு 13
பொருநை

ஐந்து வாரங்கள் கழித்து எழுதுகிறேன். பையன் சென்ற வியாழக்கிழமை வந்துசேர்ந்தான். சால்ட் லேக் நகர விமான நிலையத்துக்கு அவன் குடும்பத்தாரோடு நாங்களும் போயிருந்தோம். பலூன்களும் பதாகைகளுமாக அன்று இன்னும் மூன்று குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளுக்காகக் காத்திருந்தன. இரண்டு ஆண்டில் அவன் அரையடி வளர்ந்ததுபோல் தெரிந்தான். என் மகளைப் பார்த்து ஜப்பானிய முறையில் இடுப்பை வளைத்து வணங்கிவிட்டு, பிறகு நினைவுக்கு வந்து கைகொடுத்தான். வண்டி நிறுத்துமிடம்வரை நடக்கையில் மூன்று முறை திரும்பிப் பார்த்தான். ஏதாவது பெட்டியை மறந்துவிட்டானோ என்று அவன் தந்தை கேட்டார். இல்லை என்றான்.

அன்று இரவே எங்கள் பகுதிச் சபைத் தலைவர் அவனை விடுவித்தார். மறுநாள் மாலை நான் தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தபோது அவன் வெளியே வந்தான். நொய்யல்கரை சொன்னபடியே கூட்டாளிகளைப் பற்றிக் கேட்டேன். குழாயை மூடிவிட்டு முக்கால் மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு பெயர்கள், ஊர், குறட்டை, பிடித்த உணவு உட்பட. எட்டாவது பெயரில் மட்டும் சற்று நின்று, அவருக்குக் கடிதம் எழுத வேண்டும் என்றான்.

பேசி முடித்ததும், தெருமுனையில் இருக்கும் அஞ்சல் பெட்டிகளிலிருந்து கடிதங்களை எடுத்துவர அவன் தாயார் சாவியை நீட்டினார். எங்கள் வீட்டிலிருந்து அது நூறு அடி இருக்கும். அவன் சாவியை வாங்கிக்கொண்டு, படிக்கட்டில் அமர்ந்து கைப்பேசியில் விளையாடிக்கொண்டிருந்த பன்னிரண்டு வயதுத் தம்பியைப் பார்த்து, “நீயும் வருகிறாயா?” என்று கேட்டான். தம்பி எழுந்துகொண்டான். இருவரும் சேர்ந்து நடந்து போனார்கள்.